நேரில் பெற்றுக்கொண்டது

"ஐஸ் பெட்டி உறையவில்லை. கெட்ட பொருளை
ஏமாற்றி விற்றுவிட்டார்" என்று
திங்கள் இரவு பதினொன்று நாற்பதுக்குப்
புகார் எழுதியிருக்கிறீர்கள்,
கூலிம் குணாளன்.
உறைந்ததைத் தின்றுவிட்டுத்தானே போனீர்கள்?

சனிக்கிழமை. மழை விட்ட நேரம், வாசலெல்லாம் சேறு.
ஆள் உயரப் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினேன்.
உள்ளே, கடைசியாய்க் கட்டிய அஞ்சு ஆசாம் போய் ஐஸ்.
ஒன்றை எடுத்துப் பல்லால் பிளாஸ்டிக்கைக் கிழித்தீர்கள்.
"கல்லு மாதிரி இருக்கு அக்கா" என்றீர்கள்.
அந்தச் சொல்லை நான் எங்கே பதிவேற்றுவது?

பாடாங் செராய்க்கு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம்.
தமிழ்ப்பள்ளியில் பதினேழு பிள்ளைகள்.
பதினேழு பேருக்கு ஐஸ் விற்றால்
கரண்டு பில்லுக்கே காணாது.
முந்நூற்றெண்பது போட்டிருந்தேன். முந்நூறு கேட்டீர்கள்.
முந்நூற்று ஐம்பதில் வந்து நின்றோம்.

இப்போது அது உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.
செயலியின் வயிற்றுக்குள் கிடக்கிறது.

செயலி கேட்கிறது:
எந்த நிறுவனம் மூலம் அனுப்பினீர்கள்? கூரியர் எண் என்ன?
கூரியர் இல்லை சாமி, ஆளே வந்து தூக்கிப்போனார் என்று
எழுத இடமில்லை.
சிவப்புப் புள்ளி வைத்த கட்டம்
எண்ணைத் தவிர எதையும் விழுங்காது.
உங்கள் ஹைலக்ஸின் எண்ணைப் போட்டேன். துப்பியது.
என் அடையாள அட்டை எண்ணைப் போட்டேன்,
பன்னிரண்டு இலக்கம். வாங்கிக்கொண்டு,
கொஞ்சம் சுற்றிவிட்டுச் சொன்னது:
இந்தப் பொதி எங்கும் காணப்படவில்லை.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மீன் கழுவப் போனேன்.

கழுவும்போதுதான் ஜாகா ஞாபகம் வந்தது.
தோட்டத்து வாசலில் கட்டையைத் தூக்கிவிடும் தில் பகதூர்.
செம்பனை லாரியிலிருந்து
எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த பந்தல்காரன் வரை
எழுதாமல் உள்ளே விட்டதில்லை,
எழுதாமல் வெளியே விட்டதுமில்லை.
அட்டை பிய்ந்த நீலப் புத்தகம்.
எச்சில் தொட்டுத் தொட்டுச் சனிக்கிழமைக்குப் போனார்.
மாலை நாலு இருபது. வண்டி எண். ஐஸ் பெட்டி ஒன்று.
பக்கத்தில், யாரும் கேட்காத ஒரு மலாய்ச் சொல்:
பாரிங்.
படுத்தபடி.

படுக்கப் போட்டா கொண்டுபோனீர்கள்?
நிமிர்த்திக் கட்டுங்கள் என்று
கயிறும் கொடுத்தேனே, நீலக் கயிறு,
அதையும் திருப்பித் தரவில்லை.
எண்ணெய் குழாயில் ஏறியிருக்கும்.
போன கையோடு சுவிட்சும் போட்டிருப்பீர்கள்,
பர்கர் இறைச்சி இளகுகிறதென்று.

புத்தகத்தைப் படம் பிடித்துச் செயலிக்கு அனுப்பினேன்.
ஏழு வேலை நாள் பொறுக்கச் சொன்னது.
பொறுக்கவில்லை. உங்களை அழைத்தேன்.
மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவதில் உங்கள் மனைவி.
"நூத்தியிருபது வெள்ளி இறைச்சிக்கா,
அப்படியே குப்பையில கொட்டுனோம்" என்றார்.
ஏச எடுத்துவைத்திருந்ததில்
பாதிதான் ஏசினேன்.

பிளக்கைப் பிடுங்குங்கள், நிமிர்த்தி வையுங்கள்,
ஒரு ராத்திரி முழுக்கத் தொடாதீர்கள் என்றேன்.
அப்படியும் ஓடாவிட்டால்
என் கையிலிருந்து ஐம்பது தருகிறேன் என்று
எதற்கோ சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் நீங்களே கூப்பிட்டீர்கள்.
மன்னிப்பெல்லாம் இல்லை. "கேளுங்க" என்றீர்கள், அவ்வளவுதான்.
கைப்பேசியைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும்.
ம்ம்ம் என்றது.
என் சமையல்கட்டு மூலையில் ஆறு வருஷம் கேட்ட
அதே சளி பிடித்த குரல்.

புகாரை எப்படித் திரும்ப எடுப்பதென்று
உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கும்.
அந்தப் பொத்தான் ஒரு மணி நேரம்தான் இருக்குமாம்,
அப்புறம் மறைந்துவிடுமாம்.

முந்நூற்று ஐம்பது வெள்ளி
இன்னும் பாரிங்தான், குணாளன்.